நான் பங்காளியாக இருந்த காலம்

ஒரு பெண்ணுக்கு ஊரே கூடி என்னை அண்ணனாக்கியது. அப்புறம் அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மானிடவியல் படித்ததால் வந்த வினை இது. கணக்கோ கெமிஸ்ட்ரியோ எடுத்திருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காது, இந்தச் சந்தோஷமும் இருந்திருக்காது.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். பி.ஏ.வைத் தபாலில் படித்தேன். மற்றபடி என் படிப்பெல்லாம் அந்த ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களின் வாயிலிருந்து வந்ததுதான். தொப்பூர் கணவாயில் பாரத்தோடு ஏறியதை ஒரு டிரைவர், "வண்டி நின்னுக்கிட்டே போச்சுங்க" என்பார். டீ கொண்டுவரும் அம்மா தன் வீட்டுக்காரரைப் பற்றி, "அவரு சும்மா இருந்தாலே சத்தமா இருக்கும்" என்பார். இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு வேண்டாம். இப்படிப் பேச்சுக் கேட்டே பொழுதைக் கழிக்க ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குப் பட்டமும் தருகிறார்கள் என்று தெரிந்தபோது வேலையை விட்டுவிட்டேன்.

என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. செய்தியைச் சொல்லப் போனபோது அதற்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்றா படிப்பு அது?"

"மனுசங்களைப் பத்திப் படிக்கறதுங்கப்பா."

தலையை வெளியே நீட்டாமலே கேட்டார்: "அதுக்கு எதுக்கு மெட்ராசு? நம்மூரு பஸ் ஸ்டாண்டுல ஒரு நாளு நின்னாப் போதாதா?"

மெட்ராஸில் முதலில் எங்கள் கையில் கொடுத்தது ஒரு பெரிய இரும்பு இடுக்கி. தலையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அதால் அளக்க வேண்டும். வகுப்பில் இருந்த எல்லாத் தலைகளையும் அளந்து முடித்துவிட்டு, ஆசை அடங்காமல், ஹாஸ்டல் சமையல்காரரின் தலையைப் பிடித்தேன். அவர் கரண்டியோடு அசையாமல் நின்றார். "இன்னா தம்பி, உள்ள இன்னா தேடறே? அங்க ஒண்ணுமில்லேன்னு என் சம்சாரம் எப்பவோ சொல்லிட்டா" என்றார். அளவை மறந்துவிட்டு வாக்கியத்தை எழுதிக்கொண்டேன். எனக்கு எலும்பு சரிப்படாது, பேச்சுத்தான் சரிப்படும் என்று என் பேராசிரியருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. உறவுமுறைச் சொற்களை எடுத்துக்கொள் என்றார். யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள், ஏன் அப்படி அழைக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி.

அனுப்பும்போது இரண்டு புத்திமதி சொன்னார். சொந்த ஊருக்குப் போகாதே. போகிற ஊரில் யாருக்கும் உறவாகிவிடாதே. "உறவாகிவிட்டால் ஒரே ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்ப்பாய். வெளியே நில்" என்றார். நானும் வெளியே நிற்பது என்று முடிவு செய்துகொண்டு, நாமகிரிப்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு ஊருக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்துக் குடியானவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஒரே கூட்டத்துக்காரர்கள், முன்பின் முகம் பார்த்திராவிட்டாலும், பங்காளிகள். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம், வாய்க்கு வந்தபடி கேலி பேசலாம். அதனால் புது ஆள் யார் வந்தாலும் தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போதே கூட்டம் எது என்று கேட்டுவிடுவார்கள். அது தெரிந்தால்தான் அவனிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியும்.

எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் மஞ்சளும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போடுகிற குடியானவர். வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் முதுகும் சேர்ந்து குலுங்கும். கடலை மூட்டை அடுக்கிய அறையில் பாதியை எனக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, பேச்சைப் பாத்தா நம்மாளாட்டத்தான் இருக்குது. எந்தக் கூட்டமுங்க?"

"நான் எல்லாத்துக்கும் பொதுங்க."

"ரோடுதானுங்க பொது. மனுசன் எப்படிங்க பொதுவாவான்?"

"படிக்கற எடத்துல சொல்லக் கூடாதுன்னு உத்தரவுங்க."

அவர் முகம் தெளிந்தது. உத்தரவு என்று வந்துவிட்டால் சர்க்கார் சமாச்சாரம், அதைக் கிண்டக் கூடாது. ஆனால் ஊர் தவித்துப்போனது. நான் தெருவில் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் தம்பி என்றால் நின்று பேசலாம், மாமன் மச்சான் என்றால் கேலி செய்யலாம். ரெண்டுங்கெட்டானை என்ன செய்வது? கிழவிகள்கூட என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். உறவுச் சொல்லை ஆராய வந்தவனை உறவு சொல்லி அழைக்க ஆள் இல்லை.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது மஞ்சள் வேகவைத்த இடம். கொப்பரையைச் சுற்றி ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆவி மூஞ்சியில் அடித்தது. வீட்டுக்காரர் கையிலிருந்த கோலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"எங்கூட்டுல தங்கறான், எங்கூட்டுச் சோறு உங்கறான். வயசுப் புள்ளை இருக்கற ஊடு. நாளைக்கு ஒருத்தரு ஒண்ணு பேசப்படாது பாருங்க. எங்க பங்காளின்னே வெச்சுக்கலாம். என்னுங்கறீங்க?"

"வெச்சுக்கங்க, எங்களுக்கு ஒரு மச்சான் கெடைச்சாச்சு" என்றார் வேறு கூட்டத்துக்காரர் ஒருவர். அந்த நிமிஷமே என் தொப்பையைக் குத்திப் பார்த்து, "மச்சானுக்கு மெட்ராசுல நல்ல தீனிதான் போட்டிருக்கறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பேராசிரியரின் புத்திமதி கொப்பரையிலேயே வெந்து போயிற்று. எனக்கோ தலைகால் புரியவில்லை. காலையில் அனாதையாக எழுந்தவனுக்குப் பொழுது சாய்வதற்குள் பெரியப்பன், சித்தப்பன், அக்கா, தங்கச்சி, மாமன், மச்சான் என்று ஒரு தெருவே கிடைத்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்கள். களத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீசால் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரண்டு சின்னக் கோடு என்று வரைவேன். கடலை உரித்துக்கொண்டே சுற்றி உட்கார்ந்து திருத்தம் சொல்வார்கள்.

"ஏஞ்சாமி, என்னைய எதுக்கு முட்டையாட்டப் போட்டிருக்கறே?"

"பொம்பளைக்கு வட்டந்தானுங்க பெரியம்மா."

"ஆம்பளைக்கு மட்டும் மூணு மூலையா?"

"மூலைக்கு ஒரு வம்பு இருக்குதல்லக்கா" என்றாள் இன்னொருத்தி. அதற்குள் ஒரு கிழவி, தன் செத்துப்போன கொழுந்தனை நான் தரையில் போட்டதைப் பார்த்துவிட்டு, அவர் மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

வீட்டுக்காரரின் மகள் ராசிபுரத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பேசும்போது விரல்கள் தானாக முழங்காலில் தட்டச்சு அடிக்கும். நான் வரைந்ததைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"இதுல நீங்க எங்க இருக்கறீங்கண்ணா?"

"ஆராய்ச்சி செய்யறவங்களைப் போட மாட்டாங்க அம்மிணி."

"அப்ப இத்தனை நாளா எங்கூட்டுல சோறு உண்டது ஆருங்க?"

கடலை உரித்த பெண்கள் எல்லாம் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சுக்குள்ளே யாரோ லாரியை ஸ்டார்ட் பண்ணின மாதிரி இருந்தது. இத்தனை பேர் பேச்சைக் கேட்டவன் நான். ஒரு கேள்வியால் என்னை இப்படித் தரையில் உட்காரவைத்தவர் யாருமில்லை.

அதற்கப்புறம் நான் நானாக இல்லை. தாத்தாவைப் பேரனுக்குக் கட்டிவைத்துப் படம் போட்டேன். ராசிபுரத்தில் பேப்பர் வாங்கிக்கொண்டு தம்மம்பட்டி பஸ்ஸில் ஏறினவன் நாமகிரிப்பேட்டையில் இறங்க மறந்து கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் போனேன். "எறங்கோணும்னு நெனப்பு இருக்குதுங்களா, இல்ல குடியிருக்கறாப்லயா?" என்று கண்டக்டர் கேட்டார். திரும்பி வெயிலில் நடந்து வந்தேன். வழியெல்லாம் நானே சிரித்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் "அண்ணா, தண்ணி வேணுங்களா?" என்பாள். அந்தச் சொல் என் காலைத் தட்டிவிடும். எந்தச் சொல்லைப் பற்றி ஆராய்ச்சி எழுத வந்தேனோ அந்தச் சொல்லே குறுக்குச் சுவராக நின்றது. பங்காளிப் பெண்ணை நினைப்பது எங்கள் ஜனங்களில் வாயால் சொல்லக்கூட ஆகாத காரியம். நான் நிஜத்தில் அவள் கூட்டமில்லை, பெண் எடுக்கிற முறையுள்ள வேறு கூட்டம்தான். அதை இப்போது சொன்னால் என்ன ஆகும்? அண்ணன் என்று நம்பி வீட்டுக்குள் விட்டோமே என்று அந்தக் குடும்பம் கூசிப்போகும். சொல்லாவிட்டால் அவளுக்கு ஆயுசுக்கும் நான் அண்ணன்.

வீட்டுக்கார அம்மா வேறு என் மேல் உயிராக இருந்தார். எனக்குக் கூடப் பிறந்த பெண் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைக்கு, தட்டில் களியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதுக்கென்ன கண்ணு, உன்ற கல்யாணத்துக்கு இணைச்சீருக்கு என்ற புள்ளை உக்காருவா." எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் சகோதரி உட்கார்ந்து செய்கிற சீர் அது. நான் களியை உருட்டிக்கொண்டேயிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து அவளுக்கு மாப்பிள்ளை வந்தது. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, நீ ஒரு நட போயி விசாரிச்சுட்டு வா. கேள்வி கேக்கற வேலையையே படிச்சவன் நீ. கூடப் பொறந்தவனாட்டப் பாத்துட்டு வந்து சொல்லு. உஞ்சொல்லுத்தான் எனக்கு முடிவு."

என்ன செய்வது, போனேன். போகும்போது மனசுக்குள் ஒரே பிரார்த்தனை: பையன் சீட்டாடுபவனாக இருக்க வேண்டும், குடிகாரனாக இருந்தால் இன்னும் விசேஷம். தம்மம்பட்டி டீக்கடைகள், சலூன், ரேஷன் கடை என்று ஒரு இடம் விடாமல் விசாரித்தேன். இவ்வளவு ஒழுங்காக நான் என் ஆராய்ச்சிக்குக்கூடக் கேட்டதில்லை. ஒரு குறை அகப்படவில்லை. டீக்கடைக்காரர், "அந்தப் பையன் டீயையே சத்தம் வராமக் குடிப்பானுங்க" என்றார். அப்புறம் அந்தப் பையனே என்னைப் பார்த்துவிட்டான். பெண் வீட்டு அண்ணன் என்று தெரிந்ததும் பஸ் ஏற்றிவிட்டு, எனக்கு ஜன்னலோரம் இடமும் பிடித்துக் கொடுத்தான். தங்கமான பையன். பாவி.

திரும்பி வந்தபோது முன்கூடத்தில் பங்காளிகள் எல்லாம் காத்திருந்தார்கள். கொப்பரையடியில் என் தொப்பையைக் குத்திய மச்சான்காரர் வேடிக்கை பார்க்க வந்து படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கார அம்மா கதவோரம். அவள் அடுப்படி வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி, எப்படி?" என்றார் வீட்டுக்காரர்.

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். ஆனால் என்னைத் தம்பி தம்பி என்று வாய்நிறைய அழைத்துப் பதில் சொன்ன அத்தனை முகங்களும் கண்ணில் வந்தன.

"நல்ல எடமுங்க பெரியப்பா. பையன் தங்கமுங்க."

"கூட்டம்?"

"நமக்குக் குடுத்து வாங்கற கூட்டந்தானுங்க."

"கொறை ஏதாச்சும்?"

"இல்லீங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

கீரை உருவுகிற சத்தம் நின்றது. அவள் அப்பாவைக் கேட்டாள்:

"ஏனுங்கய்யா, தம்மம்பட்டிக்காரரு எந்தக் கூட்டம்னு பஸ் ஏறிப் போயி விசாரிச்சாச்சு. ஊட்டுக்குள்ளயே ஒருத்தரு உக்காந்திருக்கறாரே, இவரு எந்தக் கூட்டம்னு விசாரிச்சீங்களா?"

வீட்டுக்காரர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அதான் பங்காளின்னு வெச்சுட்டமே அம்மிணி."

"வெச்சதுதானுங்களே? நெசத்துல என்னன்னு கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பயந்த முகத்தை நான் அறிவேன். அவள் முகம் அது இல்லை. ஆனால் கையிலிருந்த கீரைக் குச்சியில் அந்த விரல்கள் மட்டும் எதையோ அவசரமாக டைப் அடித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நெஞ்சுக்குள் லாரி ஓடியது எனக்கு மட்டுமில்லை என்று.

கூட்டத்தின் பெயரைச் சொன்னேன். குலசாமி இருக்கிற இடத்தையும், அம்மா பிறந்த கூட்டத்தையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன்.

படியில் இருந்த மச்சான்காரர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "அட, மொறைதானுங்க! நல்லாக் கட்டற மொறை!"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "அண்ணன்னு நம்பித்தானே உள்ள விட்டோம்? இத்தனை நாளாப் புள்ளைகிட்ட ஏதாச்சும்…"

"அவரு ஒண்ணும் பேசலீங்கய்யா" என்றாள் அவள். "பேசறதுக்குத் தைரியம் வேணுமல்லங்க? அதுதான் நானே பேசறேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் திரும்பினாள். திரும்பினவள் நின்று, என் பக்கம் பார்க்காமல், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மாமா, வெயில்ல வந்திருக்கறீங்க, கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

மாமா! கட்டிக்கொள்கிற முறை உள்ளவனை அழைக்கிற சொல். எத்தனை களத்தில், எத்தனை வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எழுதியிருப்பேன்! என்னைப் பார்த்து அது வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல், கையில் வைத்திருந்த குடையை வீட்டுக்குள்ளேயே விரித்துவிட்டேன். முதலில் வீட்டுக்கார அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இணைச்சீருக்கு உக்கார வெக்கலாம்னு பாத்தேன், கழுதை மணையிலயே உக்காரப் பாக்குதே!"

வீட்டுக்காரர் மட்டும் இறங்கி வரவில்லை. ஆனால் முறை தெரிந்தவர். "ஆவட்டும். இனி இவரு இந்த ஊட்டுல தங்கப்படாது. நான் விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றார். சற்று முன்வரை என்னை 'சாமி, வா, போ' என்றவர் அந்த வாக்கியத்துக்குள்ளேயே 'இவரு' என்று மாற்றிவிட்டதைக் கவனித்தேன். அப்போதே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மச்சான்காரர் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக்காரர் முதலில் தம்மம்பட்டிக்குப் போய், பெண்ணுக்கு மனசு வேறாக இருக்கிறது என்று நேரிலேயே சொல்லி, மரியாதையாக விலகிக்கொண்டு வந்தார். அப்புறம் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினார். அவர் திரும்புகிற வரை நான் ஒரு முக்கோணம்கூட ஒழுங்காகப் போடவில்லை. நான் மற்றவர்களை விசாரித்ததெல்லாம் எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று அப்போது தெரிந்தது. புக்கிங் ஆபீசில் யார் என்ன சொல்லி வைப்பார்களோ! ஒரு தடவை மைசூர் லோடை மதுரைக்கு எழுதிவிட்டேனே, அதைச் சொல்லிவிடுவார்களோ!

வந்தார். நேராக மச்சான்காரர் வாசலுக்கே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

"டீக்கடையில கேட்டேன், லாரி ஆபீசுல கேட்டேன், கோயில்ல கேட்டேன். எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. பேச்சுக் குடுத்தா விட மாட்டாராமா."

"அது கொறைங்களா, நெறைங்களா?" என்றார் மச்சான்காரர்.

"அவங்கய்யனைப் பாத்துட்டு வந்திருக்கறேன். அவருகிட்ட இது ஒண்ணுமேயில்லை. சித்தெ அசந்திருந்தா எனக்கு ஒரு பழைய லாரியை வித்திருப்பாரு." சொல்லிக்கொண்டே வந்தவருக்கு முதுகு குலுங்க ஆரம்பித்துவிட்டது. சிரித்து முடித்து மூச்சு வாங்கினார். "வர்ற மாசம் பொண்ணுப் பாக்க வர்றாங்களாம். தெனம் பாத்த புள்ளைதான், இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல."

அந்த ஒரு வார்த்தையில் நான் எழுதி வைத்திருந்த ஊர் அப்படியே புரண்டு படுத்துக்கொண்டது. பெரியப்பன் மாமனார் ஆனார். சித்திகள் அத்தைகள் ஆனார்கள். என்னைக் குத்திக் கேலி பேசிய மச்சான்காரர், மச்சானுக்கு மச்சான் பங்காளி என்ற கணக்கில் எனக்கு அண்ணன் முறைக்கு வந்துவிட்டார். "போச்சு, இனி இவரைக் கேலி பேச முடியாதே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். எழுதின அத்தியாயம் முழுக்கத் திரும்ப எழுத வேண்டும். மெட்ராசுக்குப் போய்ப் பேராசிரியரிடம் என்ன சொல்வது? வெளியேதான் சார் நின்றேன், உள்ளே இழுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

மறுநாள் காலையில் மிச்சச் சாமான்களை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்ப அந்த வீட்டுக்குப் போனேன். போகிற வழியில், நேற்றுவரை "அண்ணா, அண்ணா" என்று கடலை உரித்துக் கொடுத்த பெண்களுக்கு ஒரே நாளில் கேலி உரிமை வந்துவிட்டதை நான் யோசிக்கவில்லை. முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் முதுகில் விழுந்தது. திரும்பினால் இரண்டாவது முகத்தில். "மாமா, மெட்ராசு மூக்கு நனைஞ்சு போச்சுங்களா?" என்று ஒருத்தி. ஓடினேன். ஒரு தெருவே சொம்போடு பின்னால் ஓடி வந்தது.

சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றேன். களி போட்டுக் கண்ணு கண்ணு என்று கூப்பிட்ட வீட்டுக்கார அம்மா, என்னைக் கண்டதும் விசுக்கென்று கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். மாமியார் ஆகப்போகிறவர் மருமகனிடம் நேராகப் பேசலாமா? உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"அம்மிணி, அவங்களைத் தலையைத் தொவட்டிக்கச் சொல்லு."

அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். அம்மா சொன்னதை என்னிடம் சொல்லவுமில்லை, துண்டைத் தரவுமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தாள். என் சட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் அவர்கள் வீட்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.